லேப்டாப்புக்கு எண்ணெய் வைத்த குத்தாலிங்கம்

ஆனி பாதி போயும் சாரல் எட்டிப் பார்க்கவில்லை. மேகம் மலை மேல் வந்து உட்காரும். உட்கார்ந்து ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே கேரளத்துக்கு எழுந்து போய்விடும். மெயின் அருவியில் பாறைதான் தெரிந்தது. அதில் வழிந்த தண்ணீரைப் பார்த்தால் யாரோ மேலே நின்று குடம் கழுவுகிற மாதிரி இருந்தது. தண்ணீர் விழாவிட்டால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆள் இல்லாவிட்டால் குத்தாலிங்கம் வீட்டில் இருப்பார். அவர் வீட்டில் இருந்ததுதான் அத்தனைக்கும் காரணம் என்று அவர் பெண்டாட்டி முத்துலட்சுமி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குத்தாலிங்கத்துக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அருவிக்கரையில் பலகையைப் போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்து, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துச் சூட்டை இறக்கி அருவிக்கு அனுப்புவது. வக்கீல், வாத்தியார், இன்ஸ்பெக்டர், கல்யாணமான புதுசில் வருகிறவன், கல்யாணத்தால் காய்ந்துபோய் வருகிறவன் என்று எல்லார் மண்டையும் அவர் கைக்குள் வந்து போயிருக்கிறது. "மண்டையில அறிவு இருக்கோ இல்லியோ, சூடு இருக்கும்" என்பார். உன் மண்டையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "எண்ணெ" என்று சொல்லிவிடுவார். மனுஷனுக்கு ஒரு குறைதான். எதிரில் பெரிய ஆள் ஒருத்தர் வந்து நின்றால் அவருக்குத் தேய்த்துவிடத்தான் தோன்றும், தள்ளிவிடத் தோன்றாது. கை பழகிய பழக்கம் அப்படி.

இலஞ்சியில் அவர்களுடைய வீடு. மகள் காளீஸ்வரி பங்குனியில் வீரகேரளம்புதூரிலிருந்து, புருஷன் வீட்டைவிட்டு, ஒரு துணிப்பையும் திரை பிளந்த ஒரு லேப்டாப்புமாக வந்து இறங்கினாள். கட்டப்போகிற வீடு எப்படி இருக்கும் என்று கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவள் வேலை. ராத்திரி உட்கார்ந்து எவனோடு பேசுகிறாய் என்று கேட்டு அவள் புருஷன் விஜய்பாண்டி அந்த லேப்டாப்பைத் தரையில் அடித்தான். அடித்தது லேப்டாப்பை மட்டும்தானா என்று குத்தாலிங்கம் மகளிடம் கேட்கவில்லை. முத்துலட்சுமி கேட்டாள், கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவளிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமிங் லேப்டாப். விளையாட்டுக் கிறுக்கு பிடித்தவர்கள் வைத்திருக்கிற ரகம். செங்கல் கனம். எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் சப்பரத்துச் சீரியல் பல்பு மாதிரி கலர் கலராக ஓடும். சும்மா கிடந்தாலே கொதிக்கும். வேலை கொடுத்தால், அதன் முதுகில் முத்துலட்சுமி அப்பளம் காய வைக்கலாம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்குள் கொச்சியில் ஒரு கம்பெனிக்கு ஒரு வீடியோவை அனுப்பியாக வேண்டும். மலை மேல் ஒரு ரிசார்ட்டு, அதற்குள் நடந்து போகிற மாதிரி. அது பிடித்தால் வேலை. அதே சாயங்காலம் விஜய்பாண்டியின் தாய்மாமன் சுந்தரபாண்டியன், போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், தன் அக்காவோடு வந்து காளீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். 'பேச வருகிறோம்' என்றுகூடச் சொல்லவில்லை.

"வேலன்னு ஒண்ணு கையில இருந்துச்சுன்னா நான் நெஞ்ச நிமித்திப் பேசிருவேன் தாயி" என்று குத்தாலிங்கம் மகளிடம் சொல்லியிருந்தார். "ஒண்ணுமே இல்லாம எதச் சொல்லி நிறுத்தச் சொல்லுத?"

"எம்பொண்ணு வரமாட்டான்னு சொல்லுங்க."

"அது காரணமாட்டி? அவ்வோ இன்ஸ்பெக்டரா இருந்தவுக. காரணம் கேப்பாவ."

காலையில் காளீஸ்வரி குளிக்கப் போயிருந்தாள். லேப்டாப் தன்பாட்டுக்கு ரிசார்ட்டைக் கட்டிக்கொண்டு மேஜையில் கிடந்தது. அதற்குள் சுற்றுகிற காற்றாடி, எண்ணெய் காணாத கிணற்று உருளை மாதிரி கிரீச் கிரீச்சென்று கத்தியது. குத்தாலிங்கம் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை ராப்பகலாக உழைக்கிறாள், தகப்பன் எண்ணெய்ச் செம்பை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு குடைச்சல். வெட்டிவேர் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்யில் திரியை நனைத்து, பின்பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே சொட்டுவிட்டார். ஒரு சொட்டு போதாது என்று தோன்றவே இன்னும் கொஞ்சம். கத்தல் நின்றது. குத்தாலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. எந்த மண்டையானால் என்ன, வைத்தியம் ஒன்றுதானே.

காளீஸ்வரி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்காரும்போது லேப்டாப் அணைந்து கிடந்தது. போட்டாள். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அணைந்தது.

"சூடு நூறத் தொடுது" என்றாள். "நேத்து வரைக்கும் இப்படி இல்லியே."

பின்பக்கத்தைத் தூக்கி அடியில் இரண்டு தீப்பெட்டியை வைத்தாள். மேஜை ஃபேனைத் திருப்பினாள். வேகத்தைக் குறைத்து, கலர் பல்பையெல்லாம் அணைத்து, சார்ஜரை எடுத்து, மறுபடி மாட்டி என்னென்னவோ செய்தாள். படம் படமாகச் சேமிக்கிற மாதிரிதான் வைத்திருந்தாள், நின்றாலும் விட்ட இடத்திலிருந்து போகும். ஆனால் நாலு படம் முடிப்பதற்குள் அணைந்தது. குத்தாலிங்கம் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"என்ன, வயித்த வலிக்கா?" என்றாள் முத்துலட்சுமி.

"இல்லளா. சும்மா."

"சும்மா நடக்கவன் மாதிரி இல்லியே."

தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேல்ராஜ் லேப்டாப் பழுது பார்க்கிறான். தகப்பனும் மகளும் அவனிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கென்று டவுனுக்கு மாதாந்திரக் கரண்ட் கட்டு. வேல்ராஜ் பனியனோடு, இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் திருகாணிகளைக் கழற்றினான். மூடியைத் திறந்தவன் மூக்கைச் சுளித்தான்.

"அண்ணாச்சி, இத அடுப்படியிலயா வெச்சு வேல பாக்கிய?"

"இல்லியே."

"எண்ண வாசம் அடிக்கு. தாளிச்ச வாசம் இல்ல." குனிந்து இன்னொரு தரம் மோந்தான். "தலைக்குத் தேய்க்கிற வாசம்லா."

காளீஸ்வரி திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். குத்தாலிங்கம் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒன்றும் இல்லை. செங்கோட்டை பஸ் ஒன்று போனால் தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை.

"சத்தம் போட்டுச்சு தாயி" என்றார். "அதான் லேசா..."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கடை வாசலில் போய் நின்று, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைப் பலகையில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்.

வேல்ராஜ் காற்றாடியைத் தூக்கிக் காட்டினான். வருஷக்கணக்கில் தின்ற தூசி எண்ணெய்யில் ஊறி, அல்வா பதத்தில் இறக்கையைச் சுற்றி ஒட்டியிருந்தது. "ரெண்டு காத்தாடில ஒண்ணு போச்சு அண்ணாச்சி. புதுசு மெட்ராஸ்லருந்து வரணும். இன்னொண்ணத் தொடச்சுத் தாரேன்." ஸ்பிரிட் வைத்துத் துடைத்தான், பிரஷ்ஷால் தட்டினான், சிப்பின் மேல் காய்ந்து கிடந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டுச் சாம்பல் நிறத்தில் புதுசு வைத்தான். குத்தாலிங்கம் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, "இதுவும் உச்சில வைக்கிறதுதான் அண்ணாச்சி. ஆனா இது எண்ண இல்ல" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். குத்தாலிங்கம் சிரித்துப் பார்த்தார். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

"ஒத்தக் காத்தாடிய வெச்சுக்கிட்டு இந்த வெயில்ல அந்த வேல ஓடாது தங்கச்சி" என்று காளீஸ்வரியிடம் சொன்னான் வேல்ராஜ். "நல்ல ஏசி ரூமா பாத்து வெச்சு ஓட்டு. கரண்ட் இருந்தா இங்கனயே வெச்சுக்கன்னு சொல்லிருவேன். இன்வெர்ட்டர் இப்பவே மூச்சு வாங்குது."

வருகிற வழியில் குற்றாலத்தில் இறங்கி, தெரிந்த லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டார்கள். பல வருஷமாகக் குத்தாலிங்கத்திடம் தலையைக் கொடுக்கிற மனுஷன். "அண்ணாச்சி, குத்தாலத்துக்கு வாரவன் குளுருக்குன்னு வாரான். அவனுக்கு எவன் ஏசி வெப்பான்?" என்று கையை விரித்துவிட்டார். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். "மேல ஐந்தருவிப் பக்கம் மரத்து நெழலு உண்டு" என்றார். "அங்கன கரண்டுக்கு எங்கன போவேன் மாமா" என்றாள் காளீஸ்வரி. பழத்தைக் குத்தாலிங்கமே இரண்டையும் தின்றார். தின்றது தெரியவில்லை.

வீட்டில் மத்தியானம் காங்கிரீட் கூரை நெருப்பாக இறங்கியது. குத்தாலிங்கம் மாடியில் ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் விழுந்த இடத்திலேயே புகைந்து காய்ந்தது. ஜன்னலில் நனைத்த சாக்கைக் கட்டினார். மீன்காரனிடம் ஐஸ் வாங்கித் தட்டில் பரப்பி, அதற்குப் பின்னால் ஃபேனை வைத்தார். அறை முழுக்கச் சாளை வாசம் அடித்தது, சூடு பத்து டிகிரிகூட இறங்கவில்லை. திரையில் ரிசார்ட்டு. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. மலை, மஞ்சு, தூரத்தில் ஒரு அருவி. அதைப் பார்க்கப் பார்க்கக் குத்தாலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. அங்கே கொட்டுகிற தண்ணீரில் ஒரு பங்கு இங்கே கொட்டியிருந்தால் அவர் அருவிக்கரையில் இருந்திருப்பார், எண்ணெய்யும் அங்கேயே இருந்திருக்கும்.

"நாப்பது சதவீதம்" என்றாள் காளீஸ்வரி. மறுபடி அணைந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "விடுங்க யப்பா. நான் துணிய எடுத்து வைக்கேன்."

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் குத்தாலிங்கம் தெருவுக்கு வந்தார். வந்தவர் முன்னால் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அய்யாக்குட்டி, பந்தல், சேர், ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன், சின்ன வயசிலிருந்து கூட்டாளி. ஆய்க்குடியில் ஒரு துட்டி வீட்டில் பிணத்தை எடுத்தபின் பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறான்.

"என்னல, மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

குத்தாலிங்கம் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடி மூடி. உள்ளே நீலப் பல்பு. கழுவித் துடைத்து ஈரமாக இருந்தது.

"ஏலே அய்யாக்குட்டி. இது எவ்வளவு குளுரும்?"

"ஏன், படுத்துப் பாக்கியா? இதுவர உள்ள போனவன் ஒருத்தனும் புழுக்கமா இருக்குன்னு கொற சொன்னதில்ல."

விஷயத்தைச் சொன்னார். அய்யாக்குட்டி பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "ஒனக்கு மண்ட கழண்டுருச்சு" என்றான். பிறகு, "பாப்பாவுக்கா?" என்றான். பிறகு ஆட்டோவின் பின்கதவை இறக்கினான்.

வாசலில் முத்துலட்சுமி இரண்டு கையையும் நிலையில் ஊன்றி நின்றாள். "உசுரோட பிள்ள இருக்க வீட்டுல அந்தப் பெட்டி எறங்கக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

காளீஸ்வரி வந்து தாயின் தோளுக்கு மேலாகப் பெட்டியைப் பார்த்தாள். எதையோ கணக்குப் போடுகிற முகம். "ஓடிக்கிட்டு இருக்கும்போது வேர்க்காது யப்பா, மிஷினு சூடா இருக்கும்லா. வெளிய எடுக்கும்போதுதான் வேர்த்து நனையும். முடிஞ்சதும் பெட்டிய அமத்திட்டு, தொறக்காம அப்படியே விட்டுறணும். மௌசுக்கு வயரு கெடையாது, வெளியருந்தே வேல செய்யும்."

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன், நீ என்ன சொல்லுத."

"யம்மா" என்றாள் காளீஸ்வரி. சத்தம் உயரவில்லை. "நான் புதூருக்குத் திரும்பிப் போனாத்தான் இந்தப் பெட்டி நம்ம வீட்டுல எறங்கும். இப்ப எறங்குனா அதுக்குள்ள நான் இல்ல."

முத்துலட்சுமி கையை எடுத்தாள். உள்ளே போய், மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து பெட்டியின் நாலு மூலையிலும் தெளித்தாள்.

பெட்டி உள் அறைக்குள் நுழையவில்லை. முன் அறையிலேயே, தெருவுக்கு நேராகக் கிடந்தது. லேப்டாப்பை விரித்தபடி உள்ளே வைத்து, வயர் வருகிற இடுக்கில் துண்டைத் திணித்து மூடினார்கள். காளீஸ்வரி பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். சூடு எண்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக முடிந்தன. குத்தாலிங்கம் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதற்குள் அய்யாக்குட்டி ஒரு காரியம் செய்திருந்தான். பெட்டி இறங்கினால் அடுத்து சேர் இறங்க வேண்டும் என்பது அவன் கைக்குப் பழக்கம். யோசிக்காமல் ஆட்டோவிலிருந்த பிளாஸ்டிக் சேர்களைத் தெருவில் வரிசையாகப் போட்டுவிட்டான். சேர் கிடந்தால் ஆள் உட்காரும். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கோடி வீட்டுக்காரி கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, வீட்டுக்குப் போங்க" என்றாள் முத்துலட்சுமி.

"எங்க வீட்டுக்காரரு போனப்பவும் நான் இப்படித்தாம்மா ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே நின்னேன்" என்று அவள் முத்துலட்சுமியைக் கட்டிக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரம் தெருமுனையில் கார் வந்து நின்றது. சுந்தரபாண்டியன் இறங்கினார். வெள்ளைச் சட்டை, முறுக்கின மீசை. பின்னாலேயே விஜய்பாண்டியின் தாயார். இருவரும் சேர்களைப் பார்த்தார்கள், ஆட்களைப் பார்த்தார்கள், திறந்த கதவு வழியாக நீல வெளிச்சத்தைப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

குத்தாலிங்கத்துக்குக் கை தானாகக் குவிந்தது. "வாங்க அண்ணாச்சி" என்றார். விளக்கம் சொல்ல வாய் எடுத்தார். சுந்தரபாண்டியன் அவர் தோளில் கையைப் போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் சொல்லுதத நிதானமா கேளு. பிள்ள ஒன் வீட்டுல இருந்துச்சு. பங்குனிலருந்து இருந்துச்சு. என்னத்தக் குடிச்சுதோ, என்ன செஞ்சுதோ, அதெல்லாம் ஒன் வீட்டு வெவகாரம். எங்க பையன் பேரு இதுல வரப்படாது. ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சா?"

குத்தாலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லலன்னா சொல்லாத. நான் பேசிக்கிடுதேன். அவ ஃபோன மட்டும் எங்கிட்டக் குடுத்துரு. அதுல கண்டதையும் வெச்சிருப்பா."

விஜய்பாண்டியின் தாயார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு முத்துலட்சுமி பக்கம் போயிருந்தாள். அவள் தணிந்த குரலில் கேட்டது சேரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. "நாங்க போட்ட கம்மலு அவ காதுலயா கெடக்கு, கழத்தி வெச்சுட்டியளா? எடுக்கதுக்கு முந்தி பாத்துக்கிடணும்லா."

வாசலுக்கும் பெட்டிக்கும் நாலு எட்டுதான் இருக்கும். அந்த நாலு எட்டை எடுத்து வைத்து, உள்ளே கிடக்கிற முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குத்தாலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை மண்டைகளைத் தொட்டிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று இவ்வளவு பச்சையாக ஒரு மண்டையும் அவருக்குத் திறந்து காட்டியதில்லை. தோளில் கிடந்த கையை எடுத்து, அதற்கு உரியவரிடமே கொடுத்தார்.

"அண்ணாச்சி, எம்பொண்ணு செத்துட்டாள்னு நெனச்சும் உங்களுக்கு அவ மூஞ்சியப் பாக்கணும்னு தோணலியே."

"என்னலே பேசுத?"

"அவ சாவல. உள்ள இருக்கா. வேல பாக்கா."

சுந்தரபாண்டியனின் முகத்தில் உயிர் வந்தது. "அடச்சே, இது என்ன கூத்து. நல்ல வேள. அப்பம் கெளம்பச் சொல்லு. இருட்டுதுக்குள்ள போயிரணும்."

"இல்ல அண்ணாச்சி." குத்தாலிங்கம் வாசலை மறித்து நின்றார். "உங்களுக்கு அவ செத்தாச்சு. துட்டி கேக்க வந்திய, கேட்டுட்டிய. அப்படியே வெச்சுக்கிடுங்க. அனுப்ப மாட்டேன்."

"காரணம் சொல்லுலே."

"காரணமா?" குத்தாலிங்கம் யோசித்தார். "அவ வரமாட்டா. அதான்."

வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்கிற நினைப்பே அவருக்கு அப்போது வரவில்லை.

பெட்டிக்குப் பின்னாலிருந்து காளீஸ்வரி எழுந்தாள். நீல வெளிச்சத்தில் கலைந்த தலையோடு அவள் எழும்பியதைக் கண்டு மாமியார்க்காரி "யாத்தே" என்று பக்கத்துச் சேரில் உட்கார்ந்துவிட்டாள். காளீஸ்வரி கம்மலைக் கழற்றிக்கொண்டே வந்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"உசுரோட இருக்கதுல இது ஒரு வசதி அத்தே. நானே கழத்தித் தந்துரலாம்."

திரும்பி நடந்தவள், "யப்பா, பெட்டிகிட்ட யாரையும் விடாதிய. மூடி அசைஞ்சா குளுரு போயிரும்" என்றாள்.

கார் கதவு அடிபட்ட சத்தத்தில் தெரு நாய் ஒன்று எழுந்து குரைத்தது. இனிமேல் என்ன வரும் என்று குத்தாலிங்கத்துக்குத் தெரியாது. வக்கீல் வரலாம், போலீஸ் வரலாம். வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வேல இன்னும் கெடைக்கலியே யப்பா" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கெடைக்காமயும் போவலாம்."

"போவட்டும்."

"அப்பம் என்ன செய்ய?"

"தெரியலியே தாயி" என்றார். கொஞ்சம் கழித்து, "எண்ண மட்டும் வைக்க மாட்டேன்" என்றார். அவள் சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கடைசிப் படம் முடிந்து, வீடியோ கொச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்தபோது மணி ஏழு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. பதில் திங்கட்கிழமை வருமாம். பெட்டியை அமர்த்தினார்கள். நீல வெளிச்சம் அணைந்ததும் தெருவில் ஒரு முனகல் எழுந்தது. எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சேரில் இருந்த இரண்டு பேர் மேல்துண்டை இடுப்பில் கட்டினார்கள். காளீஸ்வரி எழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். அப்படியானால் பெட்டியில் இருப்பது வேறு யாரோ.

முத்துலட்சுமி எல்லாரையும் ஒரு தரம் பார்த்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். துட்டி வீட்டில் அடுப்பு எரியாது என்பது தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவள் அடுப்பைப் பற்றவைத்து, சட்டியைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, ஒரு கை நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டாள். வாசம் முன் அறையைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி, தெருவுக்கு இறங்கியது. சேர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.